இழையாக மறுத்த உலோகம்

தங்குதன் எதனால் மின்குமிழின் இழையாகப் பயன்படுகிறது என்று வினாத்தாளில் கேட்டால், நம் மாணவர் பெரும்பாலோர் ஒரே வரியில் விடை எழுதிவிடுவர்: அதன் உருகுநிலை மிக உயர்ந்தது. முழுப் புள்ளியும் கிடைத்துவிடும். கல்முனையில் இருந்துகொண்டு நெடுங்காலமாக அறிவியல் கற்பித்து வருகின்ற எனக்கு, அந்த விடை பொய்யன்று, ஆயினும் பாதி விடையே என்று தோன்றுகிறது. மீதிப் பாதியில் முப்பது ஆண்டு உழைப்பும், உடைந்த கம்பிகளும், ஒரு வழக்கும், நம் நாட்டு மண்ணில் கிடைத்த ஒரு கனியமும் அடங்கியிருக்கின்றன. அந்தப் பாதியைச் சொல்லவே இக்கட்டுரை.

முதலில் ஓர் எளிய தடையை எழுப்புவோம். தங்குதன் உருகுவது 3,422 பாகை செல்சியசில். காபனோ சாதாரண வளியமுக்கத்தில் உருகுவதே இல்லை. 3,600 பாகைக்கு மேற் சென்ற பின் நேரே ஆவியாகிவிடும். உருகுநிலைதான் தகுதி என்றால் காபன் அல்லவா வென்றிருக்க வேண்டும்? காபன் இழை முதலில் அரியணை ஏறியதும், பின்னர் அதிலிருந்து இறக்கப்பட்டதும் உண்மை வரலாறு. எதனால் இறக்கப்பட்டது?

கொல்லன் உலைக்களத்தில் இரும்பைக் காய்ச்சும்போது பார்த்திருப்பீர்கள். முதலில் மங்கிய சிவப்பு, பின்னர் செம்மஞ்சள், மேலும் ஊதினால் வெண்மஞ்சள். சூடு ஏற ஏற ஒளியின் அளவு பன்மடங்காகப் பெருகுகிறது. சூடு சற்றே ஏறினாலும் ஒளி பெரிதும் ஏறும். ஆகவே விளக்குச் செய்பவனுக்கு வேண்டியது, மிகுந்த சூட்டிலும் உருகாமல் இருப்பது மட்டுமன்று. அந்தச் சூட்டில் நெடுநேரம் ஆவியாகித் தேயாமலும் இருப்பது. காபன் இந்த இரண்டாம் தேர்விலேயே தோற்றது. ஏறத்தாழ 1,850 பாகைக்கு மேல் அதனை ஏற்றினால் துகள் துகளாகக் கழன்று கண்ணாடியின் உட்புறத்தில் கரியாகப் படியும். விளக்கு எரிய எரிய இருட்டும். தங்குதன் அதனினும் பல நூறு பாகை கூடிய சூட்டிலும் அடக்கமாக இருக்கும். உருகுநிலையில் தாழ்ந்தது ஆவியாதலில் வென்றது என்பதை மாணவர் மனங்கொள்ள வேண்டும்.

வரலாற்றின் தொடக்கத்திற்குச் செல்வோம். மின்னொளி இழை என்றவுடன் பலருக்கும் எடிசனும் அவருடைய கரித்த நூலும் நினைவுக்கு வருவதுண்டு. கரிக்கு முன்னரே உலோகம் வந்தது என்பதைப் பலர் அறியார். 1840ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தில் வில்லியம் குரோவ் பிளாற்றினக் கம்பியை ஒளிரச் செய்து காட்டினார். எடிசனும் 1878, 1879ஆம் ஆண்டுகளில் முதலிற் கைவைத்தது பிளாற்றினத்தின்மீதுதான். அது 1,768 பாகையில் உருகிவிடும். நல்ல ஒளி தரும் சூட்டிற்கும் உருகும் சூட்டிற்கும் இடையே விரற்கிடையளவு இடைவெளி; கொஞ்சம் மிஞ்சினால் கம்பி அறுந்துவிடும். விலையோ சொல்ல வேண்டியதில்லை. ஆகவே அவர் கரிக்குத் திரும்பினார். 1879இன் இறுதியில் கரித்த பருத்தி நூல்; 1880இல் யப்பானிய மூங்கில் நார். இங்கிலாந்தில் யோசப் சுவான் தம் வழியே நடந்தார். பருத்தியைக் கரைத்துப் பசையாக்கி, நுண்துளை வழியே பீச்சி நூலாக்கிக் கரிக்கும் முறையை அவர் 1883இல் கண்டார். கரிக்காமல் விட்ட அந்நூலைக் கொண்டு அவர் மனைவியார் பின்னிய பின்னல் வேலை 1885இல் இலண்டன் பொருட்காட்சியில் செயற்கைப் பட்டு என்ற பெயரில் வைக்கப்பட்டது. விளக்குக்காகத் தேடியது துணிக்கு வந்து சேர்ந்தது.

இவ்விடத்தில் ஒரு சொல்லைப் பற்றி நின்று பேச விரும்புகிறேன். கல்முனையிலிருந்து வடக்கே சற்றுத் தூரத்தில் இருப்பது மருதமுனை. தறியோசையால் அறியப்பட்ட ஊர். அங்கே 'இழை' என்பது அன்றாடச் சொல். இழை அறுந்தது, இழை சிக்கியது, இழை முடிந்தது என்று பேசுவார்கள். மின்குமிழின் உள்ளே இருக்கும் கம்பிக்கும் நம் நூல்கள் அதே சொல்லையே இட்டிருக்கின்றன. சொல்லாக்கம் செய்தோர் ஆய்ந்து இட்டனரோ, இயல்பாக வந்ததோ, பொருத்தம் வியக்கத்தக்கது. எடிசனின் 1879ஆம் ஆண்டுக் கரியிழை உண்மையிலேயே பருத்தி நூல்தானே! கல்முனைக்கு அடுத்த காரைதீவிற் பிறந்து, அறிவியலும் தமிழும் ஒருங்கே கற்றுத் துறவியான சுவாமி விபுலானந்தர், 1936இல் சென்னையில் கூடிய கலைச்சொல் மாநாட்டிற்குத் தலைமை தாங்கியவர். தறிக்காரர் வாயிலிருக்கும் சொல் ஆய்வுகூடத்திற்கும் பொருந்துமாயின், புதுச்சொல் தேடி அலைய வேண்டியதில்லை என்பது என் எண்ணம். மருதமுனையிலிருந்து வரும் மாணவனுக்கு இழை என்றால் என்னவென்று நான் விளக்கியதே இல்லை.

கரியிழை இருபது ஆண்டுகள் ஆட்சி செய்தது. மறுபடி உலோகத்தைக் கொணர்ந்தவர் ஒஸ்திரிய வேதியியலாளர் கார்ல் அவர் பொன் வெல்ஸ்பாக். இவர் பெயரை அறியாதோரும் இவர் கைவேலையை அறிவர். மின்கம்பங்கள் எங்கள் தெருக்களுக்கு வருமுன், கலியாண வீடுகளிலும் கடைத்தெருவிலும் இரைந்துகொண்டு எரிந்த பெற்றோமாக்ஸ் விளக்கின் வெண்ணிற வலைப்பை இவர் கண்டுபிடிப்பின் வழி வந்ததே. தோரியம் ஒட்சைட்டு 99 பங்கும் சீரியம் ஒட்சைட்டு ஒரு பங்குமாக அமைந்த சாம்பற்கூடு அது. வாயு விளக்கை வாழவைத்த அவரே, அதற்குப் பகையான மின்விளக்கிற்கும் உலோக இழை தேடினார். அவர் தெரிந்தெடுத்தது ஒசுமியம். 1898இல் உரிமை பெற்று, 1902இல் விளக்கைக் கடைக்குக் கொண்டுவந்தார்.

ஒசுமியம் 3,000 பாகையைக் கடந்து உருகுவது. ஆனால் கம்பியாக இழுபடாது. அதைப் பொடியாக்கிப் பசையோடு பிசைந்து நுண்துளை வழியே பிதுக்கினார்கள். நம் வீடுகளில் இடியப்ப உரலில் மாவைப் பிழிவது போல என்றால் மிகையாகாது. பிழிந்த இழையை உலர்த்தி, காய்ச்சிப் பசையை எரித்துப் போக்கி, மின்னோட்டம் பாய்ச்சிப் பொடிகளை ஒன்றோடொன்று ஒட்டச் செய்தார்கள். குளிர்ந்தபோது அது தொட்டால் நொறுங்கும். எரியும்போது துவண்டு தொங்கும். ஆகையால் விளக்கைத் தலைகீழாகவே தொங்கவிட வேண்டும். மின்தடை குறைவு, ஆகவே இரண்டு மூன்று குமிழ்களைத் தொடராக இணைத்தே எரிக்க நேர்ந்தது. உலகில் ஒசுமியம் கிடைப்பதும் அரிது. இத்தனை குறைகளோடும் கரியைவிட மிக்க ஒளி தந்தது.

அடுத்து வந்தது தந்தாலம். பேர்லினில் சீமன்ஸ் நிறுவனத்தில் வேர்னர் பொன் போல்ற்றன் இதனைத் தூய்மைப்படுத்தி, 1905இல் விளக்காக்கினார். இழுத்துக் கம்பியாக்கக்கூடிய உயருருகு உலோகம் ஒன்று கைக்கு வந்தது இதுவே முதன்முறை. குமிழுக்குள் அரை மீற்றருக்கும் மேற்பட்ட கம்பியை மேலும் கீழுமாகக் கொக்கிகளில் மாட்டி, சிலந்தி வலைபோலக் கட்டினார்கள். ஆடலோட்டத்தில், அதாவது இன்று நம் வீடுகளுக்கு வருகின்ற மின்னோட்ட வகையில், இந்த இழையின் ஆயுள் விரைவிற் குன்றியது. தந்தாலத்தின் கதை இங்ஙனம் சுருங்கியது.

எல்லோர் கண்ணும் தங்குதனின் மீதே இருந்தது. சுவீடன் மொழியில் 'பாரக்கல்' என்ற பொருள் தரும் பெயர். 1781இல் ஷேலே அதன் அமிலத்தைக் கண்டார். 1783இல் ஸ்பானியாவில் எலுயார் சகோதரர் உலோகத்தைப் பிரித்தனர். நீரைப்போல் 19 மடங்கு பாரம். ஏறக்குறையப் பொன்னின் எடை. உலோகங்கள் அனைத்திலும் உயர்ந்த உருகுநிலை. இத்தனை இருந்தும் நூறாண்டுக்கு மேலாக அதனை எவராலும் கம்பியாக்க முடியவில்லை. அடித்தால் கண்ணாடிபோல் உடையும். உருக்கி வார்க்கலாமென்றாலோ, அதை உருக்கும் சூட்டைத் தாங்கும் பாத்திரம் எங்கே இருக்கிறது?

1904இல் அலெக்சாந்தர் யுஸ்ற், பிரான்ஸ் ஹனமான் என்னும் இருவர் தங்குதன் இழைக்கு ஹங்கேரியில் உரிமை பெற்றனர். இவர்களும் இடியப்ப உரல் வழியையே பின்பற்றினர். பொடி, பசை, பிழிதல், சுடுதல். புடாபெஸ்ற்றில் பிறந்த அந்த விளக்கு, கரியைக் காட்டிலும் ஏறத்தாழ மும்மடங்கு ஒளியை அதே மின்சாரத்திற்குத் தந்தது. தங்ஸ்ரம் என்ற வணிகப் பெயர் தங்ஸ்தன், வொல்ப்ரம் எனும் அவ்வுலோகத்தின் இருபெயர்களின் ஒட்டு. ஒஸ்ரம் என்பது ஒசுமியமும் வொல்ப்ரமும் கூடியது. பழைய குமிழ்ப் பெட்டிகளில் இப்பெயர்களைக் கண்ட முதியோர் இன்னும் இருக்கலாம். ஆனால் பிழிந்த இழை பிழிந்த இழைதான். வண்டியில் ஏற்றிச் செல்லும்போதே அறுந்துவிடும்.

அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ற்றிக் நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் 1905இல் சேர்ந்த வில்லியம் கூலிஜ் என்பவரிடம் இந்தச் சிக்கல் வந்தது. இதை எழுதத் தொடங்குமுன் கல்முனைக் கடைத்தெருவில் பட்டறை வைத்திருக்கும் முதிய பொற்கொல்லர் ஒருவரிடம் போயிருந்தேன். கம்பியச்சை எடுத்துக் காட்டினார். பெரியதிலிருந்து சிறியதுவரை வரிசையாகத் துளையிட்ட இரும்புத் தகடு. பொற்கம்பியின் நுனியைக் கூராக்கி, மெழுகு பூசி, துளையிற் செருகிக் குறட்டால் பற்றி இழுத்தார்.

"பொன்னைப்போல சொன்ன சொல் கேட்கிற பிள்ளை வேறில்லை மாஸ்டர். இழுக்க இழுக்க முறுகும். முறுகினால் நெருப்பிற் காட்ட வேணும். சூடு பட்டால் மறுபடி இளகிக் கொடுக்கும்" என்றார்.

பொன்னுக்கும் வெள்ளிக்கும் செம்பிற்கும் இதுவே நியதி. உலகத்துத் தட்டார் அனைவரும் அறிந்த நியதி. தங்குதனோ இதற்கு நேர் எதிரானது. நன்கு காய்ச்சி ஆறவிட்டால் முன்னிலும் மோசமாக உடையும். இதைச் சொன்னபோது அவர் குறட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிறிதுநேரம் யோசித்தார். "அப்படியெண்டால் அதை ஆறவிடாமல் நெருப்புக்குள்ளேயே வைச்சு இழுத்திருக்க வேணும்" என்றார்.

ஆராய்ச்சியாளர் ஆண்டுக்கணக்காய்ப் பட்ட பாட்டின் விடையை அவர் ஒரு நொடியிற் சொல்லிவிட்டார். கூலிஜ் செய்தது ஏறக்குறைய அதுவே. மஞ்சள் நிறத் தங்குதன் ஒட்சைட்டை ஐதரசன் வாயுவிற் காய்ச்சிச் சாம்பல்நிறப் பொடியாக்கினார். பொடியைப் பேரமுக்கத்தில் அமுக்கிச் சட்டமாக்கினார். அந்தச் சட்டத்தை ஐதரசனுக்குள் வைத்து, உருகும் சூட்டிற்குச் சற்றுக் கீழ்வரை மின்னோட்டத்தாற் காய்ச்சினார்; உருக்காமலே பொடி ஒன்றுபட்டது. பாத்திரம் இல்லாக் குறை இவ்வாறு தீர்ந்தது. ஆனால் அந்தச் சட்டம் இன்னும் நொறுங்கும் பொருளே. அதனை 1,500 பாகை அளவிற் காய்ச்சி, அந்தச் சூட்டிலேயே நாற்புறமும் சிறுசிறு அடிகளாக, மிக விரைவாக அடிக்க வேண்டும். அதற்குரிய பொறியை அவர் எங்கே கண்டார் தெரியுமா? தையலூசி செய்யும் தொழிற்சாலையில். 1909இல் நியூ இங்கிலாந்துப் பகுதியின் கம்பி ஆலைகளையும் ஊசி ஆலைகளையும் சுற்றிப் பார்த்தபோது, கம்பியைச் சுழன்று சுழன்று அடித்து மெலிவிக்கும் பொறி அவர் கண்ணிற் பட்டது. ஊசிக்காரரின் பொறி உலகத்தின் விளக்கை மாற்றியது.

அடிக்க அடிக்கச் சட்டம் மெலியும். மெலியுந்தோறும் சூட்டைச் சிறிது சிறிதாகக் குறைக்கலாம். பிறகு வைரத்திலே துளையிட்ட அச்சுகளின் வழியே, சூடாகவே இழுத்தார்கள். வழுக்குவதற்கு மெழுகு உதவாது, எரிந்துவிடும். காரீயப் பொடியையே பூசினர். இங்ஙனம் பல அச்சுகளைக் கடந்தபின் நிகழ்ந்தது அதிசயம். முதலில் குளிர்ந்தால் உடைந்த உலோகம், கடைசியில் குளிர்ந்த நிலையிலும் வளைந்தது. விரலிற் சுற்றலாம், முடிச்சுப் போடலாம்.

காரணத்தை எங்கள் கடற்கரையில் கயிறு திரிக்கும் பெண்களைக் கண்டோர் எளிதில் உணர்வர். உதிர்ந்து கிடக்கும் தும்பு எந்தப் பாரத்தையும் தாங்காது. ஒரே திசையில் நீட்டி முறுக்கிய தும்பு தோணியையே கட்டி நிறுத்தும். காய்ச்சி ஆறிய தங்குதனில் பளிங்குமணிகள் பருத்துப் பக்கம்பக்கமாய் நிற்கும். அவற்றின் ஓரங்களிலேதான் முறிவு தோன்றும். அடித்தும் இழுத்தும் வந்த கம்பியில் அம்மணிகள் நீண்ட நார்களாகி, ஒரே திசையில் ஒன்றோடொன்று பிணைந்துவிடும். உழைப்பே அதனை இளக்கியது; ஓய்வு அதனை உடைத்தது. 1911இல் இக்கம்பியாலான விளக்குகள் கடைக்கு வந்தன. பாரசீகரின் பழைய ஒளித்தெய்வமான மஸ்தாவின் பெயரை அந்நிறுவனம் 1909இலேயே தன் விளக்குக்குச் சூட்டியிருந்தது.

60 உவாற்றுக் குமிழ் ஒன்றின் இழையை நீட்டி அளந்தால், 120 உவோற்றுக்கு உரியதாயின், ஏறக்குறைய 580 மில்லிமீற்றர் நீளமும் 0.046 மில்லிமீற்றர் விட்டமும் இருக்கும். தலைமயிரினும் மெல்லியது. 230 உவோற்றில் எரியும் நம் குமிழின் இழை அதனினும் மெல்லியதாய், நீண்டதாய் இருத்தல் வேண்டும். அந்த மயிரிழை கண்ணைக் கூசச் செய்யும் சூட்டில் ஓராயிரம் மணிநேரம் நிற்க வேண்டுமானால், அதன் உள்ளமைப்பு குலையாதிருத்தல் முக்கியம். நெடுநேரம் எரிந்தால் பளிங்குமணிகள் மறுபடி பருத்து, மூங்கிற்கணுக்களைப் போல் கம்பிக்குக் குறுக்கே நிற்கும். கணுவிலே சறுக்கி இழை அறும். இதைத் தடுக்கக் கூலிஜ் சேர்த்த பொருள் தோரியம் ஒட்சைட்டு, நூற்றுக்கு ஒரு பங்களவில்.

இலங்கையின் தொடர்பு இங்கேதான் வருகிறது. கலைத்தத்துவ ஆசிரியராய் உலகறிந்த ஆனந்த குமாரசுவாமி, அதற்குமுன் ஒரு புவியியலாளர். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனியவள ஆய்வின் இயக்குநராய் இருந்தார். சபரகமுவாவில் கிடைத்த கரிய பாரமான கனியம் ஒன்றைப் பற்றி முதலில் எழுதியோருள் அவர் ஒருவர். 1904இல் இலண்டனில் பகுத்தாய்ந்தபோது அதன் பெரும்பகுதி தோரியம் ஒட்சைட்டே என்று தெளிந்தது. தோரியனைற்று என்ற பெயரும் கிடைத்தது. ஐந்தாண்டு கழித்து, 1909இல், ஷொம்பேர்க் என்ற ஜேர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து போன தென்னந்தும்பிலே ஒட்டியிருந்த மணலில் தோரியம் கொண்ட மொனசைற்றைக் கண்டார். அம்மணல் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கரையினது. தமிழர் திரித்த கயிற்றோடு போன மணல், ஐரோப்பாவின் விளக்குத் தொழிலுக்குச் செல்வமாயிற்று. திரித்தவர்களுக்கு அதனால் என்ன கிடைத்தது என்பதை வாசகர்களே ஊகிக்கலாம்.

இன்னொரு சிறு வேடிக்கை. ஒட்சைட்டை இலண்டன் பற்றேர்சியில் செய்த களிமண் மூசைகளிற் காய்ச்சியபோது மட்டும், வரும் கம்பி எரியும்போது துவளாதிருந்தது. தூய்மை கெட்டதே நன்மையாயிற்று! மூசைக் களிமண்ணிலிருந்து இறங்கிய பொற்றாசியமே அதற்குக் காரணம். 1917இல் அலடார் பாக்ஸ் இதை முறையாகச் சேர்த்துத் துவளாக் கம்பி செய்தார். அந்தப் பொற்றாசியம் கண்ணுக்கெட்டாத நுண்குமிழிகளாய்க் கம்பிநெடுக வரிசையிட்டு நின்று காவல் செய்கிறது என்பது, இலத்திரன் நுணுக்குக்காட்டி வந்த பின்னரே தெரிந்தது. அதற்கிடையில் 1913இல் லாங்மியூர், வெற்றிடத்திற்குப் பதிலாகக் குமிழில் நைதரசனை நிரப்பி, இழையைச் சுருளாகவும் சுற்றி, ஆவியாதலை மேலும் அடக்கினார். பின்னர் ஆகன் வாயு வந்தது. சுருட்டக்கூடிய கம்பி இல்லையேல் சுருள் ஏது?

கூலிஜுக்கு 1913இல் கிடைத்த உரிமைப் பத்திரத்தின் முடிவுதான் என்னை நெடுநாள் சிந்திக்க வைத்தது. வானொலிக் குழாய் செய்யும் டி பொரஸ்ற் நிறுவனத்தோடு நடந்த வழக்கில், 1928இல் அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்த உரிமையின் முக்கிய பகுதியைச் செல்லாதென்றது. வளையும் தன்மை தூய தங்குதனின் இயற்கைக் குணம்; இயற்கையில் உள்ளதை ஒருவர் கண்டறியலாம், படைத்ததாகச் சொந்தம் கொண்டாட முடியாது என்பது தீர்ப்பின் சாரம். நீதிமன்றத்தின் அச்சம் எனக்கு விளங்குகிறது. ஓர் உலோகத்தையே ஒரு கம்பனியின் உடைமையாக்கிவிட்டால் பிறர் என்செய்வர்? ஆயினும் நூறாண்டுக்கு மேல் எவர் கண்ணுக்கும் படாத அந்தக் 'குணம்', ஓராயிரம் அடி அடித்த பின்னரே வெளிப்பட்டது. கல்லுக்குள் சிலை இருந்தது, ஆகையால் சிற்பிக்கு உரிமை இல்லை என்பது போன்ற வாதம் அது. மேல்வகுப்பு மாணவரிடம் இரு கட்சியாகப் பிரித்து வாதிடச் சொன்னேன். "சேர், பொடி இயற்கை, கம்பி மனிசன்" என்று ஒரு பிள்ளை சொன்னாள். எதிர்க்கட்சியார் அதற்கு நல்ல விடை காண அடுத்த பாடவேளை வரை அவகாசம் கேட்டார்கள்.

இழைக்குமிழின் காலம் முடிந்துவருகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2009 முதல் படிப்படியாக அதை விலக்கியது. நம் கடைகளிலும் இன்று எல்.ஈ.டி. விளக்குகளே நிறைந்திருக்கின்றன. பெற்ற மின்சாரத்தின் பெரும்பங்கை வெப்பமாகவே கொட்டிய விளக்கு போவதில் எனக்கு வருத்தமில்லை. கம்பி போய்விடவில்லை. 1913இல் கூலிஜே ஆக்கிய எக்ஸ் கதிர்க் குழாயில், காய்ந்து இலத்திரன்களை உமிழ்வது தங்குதன் இழைதான்; அவ்வகைக் குழாயின் வழித்தோன்றல்கள் இன்றும் மருத்துவமனைகளில் எலும்பு முறிவைக் காட்டுகின்றன. 1873இற் பிறந்து 1975இல் தம் 101ஆம் வயதில் மறைந்த அவர், அதையெல்லாம் கண்டுவிட்டே சென்றார்.

தங்குதனைக் கையிலெடுத்துப் பார்க்க விரும்பும் மாணவர், துருவேறா உருக்கில் வாயிற்கதவும் கைபிடிக் கம்பியும் ஒட்டும் பட்டறைக்குப் போகலாம். ஆகன் வாயுவில் ஒட்டும் கருவியின் நுனியில் பென்சிலளவும் தடிப்பில்லாத ஒரு குச்சி இருக்கும். அதன் கடைமுனையில் சிவப்பு நிறம் பூசியிருந்தால் அதில் நூற்றுக்கு இரண்டு பங்கு தோரியம் ஒட்சைட்டு உண்டு. அதைத் தீட்டும்போது பறக்கும் தூசு கதிர்வீசும் தன்மையது, சுவாசிக்கக் கூடாது. சாய்ந்தமருதுப் பக்கத்தில் நான் கண்ட இளைஞர் ஒருவர் முகத்தை மூடாமலே சாணைக் கல்லில் அதனைத் தீட்டிக்கொண்டிருந்தார். சிவப்பு நிறத்தின் பொருளைச் சொன்னேன். "இத்தனை நாளும் ஒருத்தரும் சொல்லல்லியே காக்கா" என்று தோளிற் கிடந்த சால்வையை எடுத்து மூக்கையும் வாயையும் சுற்றிக் கட்டிக்கொண்டு, மறுபடி சாணையை ஓடவிட்டார். துணி போதாது, தூசு உறிஞ்சும் பொறியோ தக்க முகமூடியோ வேண்டும் என்றேன். கடைக்காரரிடம் சிவப்பில்லாத குச்சி இருக்கிறதா என்று கேட்டுப் பார்ப்பதாகச் சொன்னார்.